யாரும் குடியிருக்க மாட்டார்களாம்

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம். நான் மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலேறிப் போய் பெங்களூரில் டைப்பிஸ்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் என்னை நிறுத்தினார்.

"ஒரு கம்பெனிக்காரர் பேச வந்துகீறாரும்மா. அவர் இங்கிலீஷ்ல சொல்றத நம்ம ஜனங்களுக்குத் தமிழ்ல சொல்லு."

சர்ச் ஹாலில், மேஜைமேல் மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்பு டிரம் ஒன்று நின்றது. பழைய அணுமின் நிலையங்களைப் பிரிக்கும்போது மிஞ்சும் கதிர்வீச்சுக் கழிவை இதில் போட்டு, சிமென்ட் ஊற்றி இறுக்கி, மூடியை சீல் வைத்து லாரியில் கொண்டுவருவார்களாம். எங்கள் சுரங்கத்தின் ஆழமான குழியில், ஷாஃப்டில், இறக்கிவிடுவார்களாம். லாரியே கவிழ்ந்தாலும் இது உடையாது என்று கம்பெனிக்காரர் டிரம்மைத் தட்டிக் காட்டினார். நான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தேன்.

எங்கள் லைனில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், இருந்த அக்கா ஒருவர் எழுந்தார். அவர் புருஷன் சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுச் செத்தவர்.

"லாரி எங்க ஊட்டு வாசல் வழியாத்தான வரணும்? புள்ளைங்க வெளயாட்ற எடமாச்சே, இன்னா பண்றது?"

கேள்வியைச் சொன்னேன். கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்தார். அதற்குள் குடியிருப்புகளைக் காலி செய்துவிடுவார்கள், யாரும் இருக்க மாட்டார்கள், இதை இவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றார் இங்கிலீஷில்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்களைத் துரத்துவதை எங்கள் மத்தியிலேயே உட்கார்ந்துகொண்டு, என் வாயாலேயே மறைக்கச் சொல்கிறார்! ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். மறைக்கச் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்.

ஹால் கொதித்தது. "எங்க ஊட்டுக்காரர் உசிர குடுத்த குழிய்யா அது! உங்க குப்பையக் கொட்டவா?" என்று அக்கா கத்தினார். மொழிபெயர்க்கத்தானே உன்னைக் கூப்பிட்டோம் என்று கம்பெனிக்காரர் என்மேல் பாய்ந்தார். "நானும் அங்கேதான் குடியிருக்கிறேன்" என்றேன், அவருடைய இங்கிலீஷிலேயே.

ஆண்கள் டிரம்மைத் தூக்கிப் போய் அவருடைய ஜீப்பில் வைத்தார்கள். அந்தக் கம்பெனி பிறகு வரவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்களா, வேறு ஊரைப் பார்த்துக்கொண்டார்களா, யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

"வந்த மனுஷன அவமானப்படுத்திட்டியேம்மா" என்றார் போதகர், அன்று ஜீப் போனதும்.

"அவமானப்பட்டது நாமதான் ஐயா" என்றேன். அதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.