பித்த உடம்பும் ஐந்தாவது ஏனும்

1. வகுப்பு

அந்தக் கம்பெனிக்கு என்னைக் கூப்பிட்டதே சண்டையை நிறுத்தத்தான். 2000-களின் நடுப்பகுதி. ஓசூரில் ஆயுர்வேத கிளினிக் திறந்து, வராத நோயாளிகளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். வண்டிகளுக்குக் கியர் செய்யும் கம்பெனி அது. வாரத்தில் இரண்டு நாள் மெடிக்கல் ரூமில் உட்கார வேண்டும். முதல் நாளே பெர்சனல் மேனேஜர் மனோகரன் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“மேடம், ஹீட் ட்ரீட்மெண்ட் ஷாப்ல பசங்க எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறாங்க. பித்தம் ஜாஸ்தியானா கோவம் வரும்ல? அதைக் குறைக்கிறதப் பத்தி ஒரு கிளாஸ் எடுத்துருங்க. கஸ்டமர் ஆடிட் வருது, கியர் வாங்கறவங்க வந்து எல்லாத்தையும் பாப்பாங்க.”

வகுப்புக்கு முன் ஷாப்பைப் பார்த்தேன். ஃபர்னஸில் சிவக்கச் சிவக்கக் காய்ந்த கியர்களை எண்ணெய்த் தொட்டியில் இறக்குகிறார்கள். புகை எழும்பி ஆளை மறைக்கிறது. புகையை வெளியே இழுக்க மேலே எக்ஸாஸ்ட் புளோவர் இருந்தது, ஓடவில்லை. அங்கே ஐந்து நிமிடம் நின்றதற்கே எனக்குக் கோபம் வந்தது.

கேன்டீனில் வகுப்பு. பித்தம் நோயல்ல, தின்ற சோற்றைச் செரிக்க வைக்கிற சூடு, அது இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று தொடங்கினேன். சிலருக்குப் பிறவியிலேயே அது தூக்கலாக இருக்கும். அவர்களைத்தான் பித்த உடம்புக்காரர்கள் என்கிறோம். புளிப்பு, காரம், உப்பு, அனல், பட்டினி, கண்விழிப்பு எல்லாம் பித்தத்தை ஏற்றும். இனிப்பு, கசப்பு, துவர்ப்பு, கொஞ்சம் நெய், நேரத்துக்குச் சாப்பாடு, ராத்திரித் தூக்கம் இறக்கும்.

பின்வரிசையில் ஒல்லியான ஒருவர் எழுந்தார். “மேடம், ஏத்தறதெல்லாம் எங்க ஷாப்லயே இருக்குதுங்க. எறக்கறது மட்டும் எங்கங்க கெடைக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். மனோகரனும் சிரித்தார். கேட்டவர் சேகர், ஃபர்னஸ் ஆபரேட்டர்.

2. மோர்

சேகருக்கு ஊர் காவேரிப்பட்டினம் பக்கம். கான்ட்ராக்டில் வந்து வருஷக்கணக்கில் அதே ஃபர்னஸில் நிற்கிறார். இந்த முறை பர்மனன்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பர்மனன்ட் ஆனால்தான் பெண் தருவோம் என்று பெண்வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

நெஞ்செரிச்சல், வாயில் புளித்த தண்ணீர் என்று என்னிடம் வந்தார். மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்டேன்.

“மோருங்க.”

“மோரும் சோறுமா?”

“மோர் மட்டுந்தானுங்க. ஃபர்னஸுக்குள்ள கியர் சார்ஜ் போயிட்டா ஆளு நகரக் கூடாது. முன்ன சாப்பாட்டு நேரத்துக்கு மாத்தி நிக்க ரிலீவர் வருவாரு. இப்ப அந்த ஆளை நிறுத்திட்டாங்க. கேன்டீன்லருந்து மோர் வரும், ரெண்டு மூணு சொம்பு குடிச்சா வயிறு கம்முனு கெடக்கும். மோர் குளிர்ச்சிதானுங்களே?”

அந்த மோரை வாங்கி ஒரு வாய் குடித்தேன். முந்தின நாள் மிஞ்சிய தயிரைக் கடைந்து, பச்சைமிளகாயும் உப்பும் அள்ளிப் போட்டிருந்தார்கள். பல் கூசியது. புதிதாகக் கடைந்த மோர் வேறு, இது வேறு. வெறும் வயிற்றில், அனலில் நின்றுகொண்டு இந்தப் புளிப்பைக் குடிப்பது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. ஆனால் ஃபர்னஸ் ஷாப் முழுக்கச் சூடு தணியத்தான் இதைக் குடித்தார்கள்.

மனோகரனிடம் போய் நல்ல மோரும் ரிலீவரும் வேண்டும் என்றேன். “மோர மாத்திடலாம் மேடம். ரிலீவர் கஷ்டம்” என்றார். மோரையும் மாற்றவில்லை.

அடுத்த முறை சேகர் தயங்கித் தயங்கி, வெளிக்குத் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது என்றார்.

“இது என் கஷாயத்துல நிக்கிற விஷயம் இல்ல சேகர். உள்ள ரத்தம் கசியுது. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்.”

“லீவு போட்டா பர்மனன்ட் லிஸ்ட்ல பேரு வராதுங்க மேடம். லிஸ்ட் வந்ததும் போயிடறனுங்க.”

கெஞ்சினேன், திட்டினேன், அசையவில்லை. நேராக மனோகரனிடம் ஓடினேன். “நாளைக்கு ஆடிட் முடியட்டும், நானே வண்டி வெச்சு அனுப்பறேன்” என்றார்.

வண்டி வைத்துத்தான் அனுப்பினார். ஆடிட்காரர்கள் வளாகத்தில் இருந்தபோதே சேகர் ஃபர்னஸ் முன்னால் ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தார்.

3. ஒய்-ஒய்

அந்தக் கம்பெனியில் ஒரு கியர் உடைந்தால்கூட ஒய்-ஒய் அனாலிசிஸ் போடுவார்கள். ஏன் உடைந்தது, அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து தடவை கேட்டால் மூல காரணம் வந்துவிடும் என்பது கணக்கு. மனுஷன் விழுந்ததற்கும் போட்டார்கள். என்னையும் உட்கார வைத்தார்கள். மனோகரன் போர்டில் எழுதினார்.

ஏன் விழுந்தார்? ரத்தம் போனது. ஏன் போனது? வயிற்றில் புண். ஏன் புண்? பித்தம் ஏறியது. ஏன் ஏறியது? பித்த உடம்பு.

பேனாவை மூடினார்.

“இன்னொரு ஏன் பாக்கி இருக்கு சார்” என்றேன். “பித்த உடம்புக்காரரை ஏன் சோறில்லாம அனல்ல நிறுத்தினோம்?”

“நீங்கதானே மேடம் கிளாஸ்ல சொன்னீங்க, சிலருக்குப் பிறவியிலேயே அப்படின்னு? பிறவிக்குக் கம்பெனி என்ன பண்ணும்? நாலோட நிறுத்திக்கலாம்.”

இருப்பது வேறு, இருப்பதைக் கிளறிவிடுவது வேறு, ஒரே மோரைக் குடித்த மற்றவர்களின் வயிற்றையும் பாருங்கள் என்று கத்தினேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போர்டை போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பித்த உடம்புக்காரர்களை ஃபர்னஸில் போடக் கூடாது என்று முடிவானது. சேகர் பெயர் லிஸ்டில் வரவில்லை, கான்ட்ராக்டும் போனது. பெண்வீட்டாரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். புளோவர் அப்போதும் ஓடவில்லை.

நான் அன்றோடு அங்கே போவதை நிறுத்தினேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. இப்போது என்னிடம் வைத்தியம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நாடியைப் பிடிக்கும் முன், இந்த ஆளின் சாப்பாட்டு நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

4. கிளினிக்

சில வருஷம் கழித்து மனோகரன் என் கிளினிக்குக்கு வந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது.

“நெஞ்செல்லாம் எரியுது மேடம்.”

“ஏன் சார்?”

“நேரத்துக்குச் சாப்பிடறதில்ல.”

“ஏன்?”

“மீட்டிங் மேல மீட்டிங்.”

“ஏன்?”

“ஆளைக் குறைச்சுட்டாங்க மேடம். மூணு பேர் வேலைய நான் ஒருத்தனே பாக்கறேன்.”

“ஏன் சார், வாயத் திறந்து கேக்கலாமே?”

“கேட்டா என்னையும் அனுப்பிடுவாங்க. எல்லாம் இந்தக் கம்பெனி பண்ற...”

கையைக் காட்டி நிறுத்தினேன்.

“நாலோட நிறுத்திக்கலாம் சார். உங்களுக்குப் பித்த உடம்பு.”

மருந்தைக் கட்டிக் கொடுத்தேன். மத்தியானம் வெறும் வயிற்றில் புளித்த மோர் மட்டும் குடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.