அப்பாவுக்கு நான் பாதி சொன்ன மொழிபெயர்ப்பு

குடும்பத்தின் ஒளிவிளக்கு, குணக்குன்று என்றெல்லாம் தொடங்குவதுதான் இம்மாதிரி நினைவு மலர்களில் வழக்கம். அப்படி எழுதினால் எங்கள் அப்பா வெட்கப்பட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். ஆகவே நேராகவே தொடங்குகிறேன். அப்பா வடமராட்சியில், கரவெட்டியில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தார். நாட்டு நிலைமையால் பரீட்சை எழுத முடியாமல் போயிற்று. பிறகு ஒரு கடையில் வேலை, அம்மாவுடன் திருமணம், அதன்பின் நான். எனக்கு மூன்று வயதானபோது அவர் பிரான்சுக்குப் புறப்பட்டார். எப்படி வந்தார், எங்கெங்கே நின்றார் என்று கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்குப் பிள்ளை" என்பார். இந்தக் கட்டுரையில் நீங்கள் காணப்போகும் இடைவெளிகள் அவர் சொல்லாமல் விட்டவை. நான் கற்பனையால் அவற்றை நிரப்பவில்லை.

பாரிசில் முதலில் கோப்பை கழுவினார். பிறகு காய்கறி வெட்டினார். கடைசியில் சென்-லசார் பக்கத்தில் ஒரு உணவகத்தில் சமையற்காரர் ஆனார். எட்டு ஆண்டுகள் எனக்கு அப்பா என்றால் தொலைபேசியில் வரும் ஒரு குரல். 2009இல், போர் முடிந்த சில மாதங்களில், அம்மாவும் நானும் வந்து இறங்கினோம். விமான நிலையத்தில் என்னைத் தூக்கவா, கையைப் பிடிக்கவா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குப் பதினொரு வயது. தூக்குகிற வயதைத் தவறவிட்டுவிட்டார்.

"கணக்குக்கு எத்தினை பிள்ளை?" என்று கேட்டார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நேரில் பேசிய முதல் வார்த்தை அது.

"தொண்ணூற்றாறு."

கார் கொண்டு வந்திருந்த நண்பரிடம் திரும்பி, "கேட்டனியோ, தொண்ணூற்றாறாம்" என்றார். பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் இருந்த வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்த எண்ணை மூன்று முறையாவது சொல்லியிருப்பார்.

இங்கே பள்ளியில் சேர்ந்தபோது எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. கணக்குக்கு மொழி தேவைப்படவில்லை. ஊரில் படித்ததையே இங்கே மறுபடியும் செய்தேன், அவ்வளவுதான். அதைப் பார்த்த ஆசிரியர்கள் ஆசியப் பிள்ளைகள் இப்படித்தான், கணக்கில் கெட்டி, கரைச்சல் இல்லை என்று முடிவு கட்டினார்கள். எங்கள் ஆட்களும் அதையே சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போய், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு நண்பரின் மளிகைக் கடை வாசலில் நிற்பார். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அது. அங்கே யாராவது, "அண்ணை, உங்கடை மகள் கணக்கிலை புலியாமே?" என்றால், "எங்கடை பிள்ளையளுக்கு அது ரத்தத்திலையே இருக்கு" என்பார். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டுவேன். வெள்ளைக்காரரும் தமிழரும் ஒரே குரலில் சொல்லும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்?

லீசே என்னும் மேல்நிலைப் பள்ளிக்குப் போனதும் ரத்தம் கைவிட்டது. கணக்கு இப்போது எண்களோடு நிற்கவில்லை, ஏன், எப்படி என்று எழுதச் சொன்னது. எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம். கணக்குப் புலி கேள்வி கேட்டால் வகுப்பு சிரிக்காதா? வீட்டில் இன்னொரு வேடிக்கை நடந்தது. கீழ் மாடியில் இருந்த ஓர் அன்ரி தன் மகளைக் கொண்டுவந்து என்னிடம் கணக்குப் படிக்க விட்டார். எனக்கே விளங்காததை நான் அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தினேன். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இரண்டு மாதத்தில் உண்மையைக் கண்டுபிடித்தும் யாருக்கும் சொல்லவில்லை. இன்றும் அவளுக்கு நன்றி.

இனி இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமான நாளைச் சொல்ல வேண்டும். பெற்றோர் சந்திப்புக்கு அப்பா லீவு எடுத்துக்கொண்டு, மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார். எங்கள் வீடுகளில் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். குற்றவாளியும் அவளே, மொழிபெயர்ப்பாளரும் அவளே. கணித ஆசிரியை நல்லவர். அவர் சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம்: "உங்கள் மகள் மிகவும் அமைதி. ஆண்டு முழுவதும் ஒரு கேள்வி கேட்டதில்லை. விளங்குகிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னவாம்?"

"நல்ல அமைதியான பிள்ளையாம் அப்பா."

அவர் முகம் மலர்ந்தது. பெண்பிள்ளை அமைதி என்று ஆசிரியையே சொல்வதை விட எங்கள் ஆட்களுக்கு வேறென்ன புகழ் வேண்டும்? எழுந்து நின்று இரண்டு தரம் "மெர்சி மதாம்" என்றார். ஆசிரியைக்குக் குழப்பம். கவலையைச் சொன்னவருக்கு இப்படி நன்றி சொல்லும் தகப்பனை அவர் முன்பு கண்டிருக்க மாட்டார். அப்பா அங்கிருந்து நேரே லாச்சப்பலுக்குப் போய் ஒரு பெட்டி லட்டு வாங்கிக் கடையில் நின்றவர்களுக்குக் கொடுத்தார். இதை வாசிக்கும் சிலர் அந்த லட்டைச் சாப்பிட்டிருப்பீர்கள்.

எப்படியோ பள்ளிப் பரீட்சையில் தப்பினேன். மருத்துவ முதலாம் ஆண்டில் தப்ப முடியவில்லை. ஒரு முறை தவறினால் மறுபடி ஒரு முறை எழுதலாம். அதிலும் தவறினேன். அப்பா சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். ஏச்சுக்கு என்னைத் தயார்படுத்தியிருந்தேன். அவர் கத்தியை நிறுத்தாமல், "சரி. சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவே இல்லை. ஆனால் இரண்டு மாதம் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் லாச்சப்பலுக்குப் போகவில்லை. கால் நோகுது என்றார். அந்தக் கால் உணவகத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம் நின்றது. மூன்றாம் மாதம் சட்டையை அணிந்துகொண்டு மறுபடியும் போனார். கடை வாசலில் மகளைப் பற்றி உங்களில் யாராவது கேட்டிருப்பீர்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வேறு படிப்புப் படித்து, இன்று ஒரு நகரசபையில் மக்களின் பத்திரங்களைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். நாள் முழுவதும் வாய் ஓயாமல் பேசும் வேலை. சம்பளம் எடுத்த முதல் மாதம் அப்பா, "நல்லது பிள்ளை" என்றார். அது ஆறுதலா, மனநிறைவா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

தம்பி இங்கே பிறந்தவன். வகுப்பில் வாயாடுகிறான் என்று அவனுடைய ஆசிரியர் எழுதி அனுப்பியபோது அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, "கதைக்கட்டும், விடு" என்றார். நான் அன்று அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அப்பாவுக்கு வயிற்றில் வந்த நோயும் எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. எத்தனையோ மாதம் நோவோடு வேலைக்குப் போயிருக்கிறார். மருத்துவர் கேட்டால் "சவா, சவா", பரவாயில்லை, என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். முறைப்பாடு சொல்லாத மனிதர் என்று உணவகத்தில் அவருக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயர்தான் அவரைக் கொண்டுபோயிற்று என்று நான் நினைக்கிறேன். இப்படி எழுதியதற்கு யாரும் கோபிக்க வேண்டாம்.

மருத்துவமனையில் ஒரு தாதி என்னிடம் அன்பாகச் சொன்னார்: "உங்கள் அப்பா எங்களுக்குச் சிரமமே தருவதில்லை. மணியை ஒரு தடவைகூட அடித்ததில்லை. உங்கள் நாட்டவர்கள் எல்லாரும் இப்படித்தான்." பழைய கணித வகுப்பில் இருப்பது போல் எனக்கு இருந்தது. ஆனால் எனக்கு இப்போது பதினாறு வயது இல்லை. "அவருக்கு நோகிறது. அவர் சொல்ல மாட்டார். தயவுசெய்து போய்க் கேளுங்கள்" என்றேன். தாதி உடனே வந்து கட்டிலருகே இருந்து, பூச்சியத்திலிருந்து பத்து வரை ஓர் எண்ணால் நோவைச் சொல்லச் சொன்னார்.

அப்பா என்னைப் பார்த்தார். "எத்தினை சொல்ல வேணும் பிள்ளை?"

"எவ்வளவு நோகுதோ, அவ்வளவு."

கொஞ்சம் யோசித்தார். "மூண்டு."

நான் தாதியிடம் பிரெஞ்சில் "உயித்", எட்டு, என்றேன். மருந்தைக் கூட்டினார்கள். பல நாட்களுக்குப் பிறகு அப்பா முகம் சுளிக்காமல் தூங்கினார். மாலையில் கண் விழித்ததும் கேட்டார்:

"நான் மூண்டெல்லோ சொன்னனான்?"

"ஓம் அப்பா."

"நீ உயித் எண்டனி." கோபமில்லை, சிரிப்பு மாதிரி ஒன்று. "எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ? இருபது வருசத்துக்கு மேலை அவங்கடை குசினியிலை நிண்டனான்."

அப்படியானால் அன்று பள்ளியில் அந்த ஆசிரியை சொன்னதும் இவருக்கு விளங்கியதா? விளங்கிக்கொண்டேதான் நன்றி சொன்னாரா? என் மானத்தைக் காப்பாற்றத்தான் லட்டு வாங்கினாரா? அல்லது அன்று உண்மையிலேயே விளங்காமல், பிறகு தனியே யோசித்துக் கண்டுபிடித்தாரா? கேள்வி வாய் வரைக்கும் வந்தது. நாளைக்குக் கேட்போம் என்று விட்டேன். மறுநாள் பார்க்க வந்த உறவினரால் அறை நிறைந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் அவரால் பேச முடியவில்லை. கேள்வி கேட்கப் பயந்த அதே பிள்ளையாகவே கடைசி வரை இருந்துவிட்டேன். அப்பா, அந்த ஒரு கேள்விக்காக நான் இன்னும் எத்தனை நாள் உங்கள் கட்டிலருகே இருக்க வேண்டுமானாலும் இருப்பேன்.

அந்தத் தாதிக்கும் மருத்துவர்களுக்கும், செய்தி கேட்டு ஓல்னே-சூ-புவாவிலிருந்து அன்றே ஓடிவந்து அம்மாவின் பக்கத்தில் இருந்த சித்தப்பா, சின்னம்மாவுக்கும், முப்பது நாளும் எங்கள் வீட்டு அடுப்பு எரியாதபடி சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளைத் தங்கள் வீட்டுக் காரியமாக நடத்திய லாச்சப்பல் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. முப்பத்தோராம் நாளாகிய இன்று உங்கள் எல்லாரையும் வணங்குகிறோம்.

அந்தக் கடை வாசலில் அப்பாவோடு நின்றவர்களிடம் மட்டும் இன்னும் ஒன்று கேட்கிறேன். இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலோ, பிறகோ, அப்பா என்னைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் ஆர்ஜொந்தெய்க்கு ஒருமுறை வாருங்கள். அம்மா தேத்தண்ணி போட்டுத் தருவார். எனக்கு மனம் நோகும் என்று எதையும் ஒளிக்க வேண்டாம். அது ஏச்சாக இருந்தாலும் எனக்கு வேண்டும்.