அளவுக்கு வைத்த முகம்

விளக்கை முகத்துக்கு நேரே போட்டதும் முதலில் தூசி கருகும் மணம் வரும். பிறகு சூடு நெற்றியில் தொடங்கி மூக்கின்மேல் இறங்கி, மேலுதட்டில் வியர்வையாக வந்து நிற்கும். துடைக்கக் கூடாது, அசையக் கூடாது, கமராவின் கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்கக் கூடாது. எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்ணின் நோர்த்கோட்டில், எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டின் முன்னறையில், ஒளி அளக்க வைக்கும் சாம்பல் நிற மட்டை ஒன்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு 'கதிரை'யில் நான் அப்படித்தான் இருந்தேன். எனக்கு ஒன்பது வயது.

அந்த வீட்டுக்காரரின் பெயர் லெஸ். அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடி மனிதர். வாரநாட்களில் ரயில்வேயில் வேலை செய்தார். அதற்கு முன் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் மற்றவர்களின் கமராக் கால்களைச் சுமந்து திரிந்தபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே தொழிலைப் பார்த்துப் பழகியிருந்தார். அவர் எடுக்க விரும்பிய படம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய மாமி ரூபியிடமிருந்து இரண்டு பிள்ளைகளை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு போன கதையை அந்தப் பெண்ணே தன் வாயால் சொல்ல வேண்டும், அவள் முகம் தெரிய வேண்டும். கமரா ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளரிடம் சனி ஞாயிறுகளுக்கு மட்டும் இரவல். பிலிம், பழைய நண்பர் ஒருவர் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் மிச்சச் சுருள்கள். லெஸ் அவற்றைத் 'துண்டு' என்பார். ஒவ்வொரு துண்டும் இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான் ஓடும்.

எங்கள் வீட்டில் எல்லா வெள்ளைக்காரருக்கும் 'அங்கிள்' பட்டம் கொடுத்திருந்தோம். குடித்துவிட்டு வேலியில் மூத்திரம் பெய்யும் எதிர்வீட்டுக்காரன்கூட எங்களுக்கு அங்கிள்தான். லெஸ் மட்டும் 'அந்தாள்'. அப்பா ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறினார். வந்த புதிதில் கடையொன்றில் ஒருவன் அவரிடம், நீயும் இந்த ஊர்க் கறுப்பனா என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அவர் பால் வாங்கப் போவதற்கும் கழுத்தில் 'ரை' கட்டினார். ஞாயிறு மதியங்களில் வேறு மூன்று தமிழ்க் குடும்பங்கள் சாப்பிட வரும். நாங்கள் படித்து வந்தவர்கள், கடிதாசியோடு வந்தவர்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே வயிறு நிரப்புவார்கள். நிறத்தைப் பார்த்து எங்களை வெளியே வைத்திருந்த சட்டம் போய்ச் சில வருடங்கள்கூட ஆகவில்லை. நேற்றுத் திறந்த கதவால் நுழைந்து, அந்த வீட்டின் சொந்தக்காரரைப் பார்த்தே மூக்கைச் சுளித்த அந்தக் கூட்டத்தை இன்று நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவர்களின் பருப்புக்கறியை நான் விரும்பித் தின்றேன் என்பதும் உண்மை.

என் முகம் அங்கே எதற்குத் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். லெஸ் முதலில் எடுத்துப் பார்த்த சுருள்களைப் பிலிம் கழுவும் இடத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது திரைச்சீலை தெளிவு, தேநீர்க் கேத்தல் தெளிவு, ஜன்னலுக்கு வெளியே நின்ற எலுமிச்சை தெளிவு. மனிதர்களின் முகங்கள் மட்டும் அடிப்பிடித்த சட்டி போல இருந்தன. கேட்கப் போனவருக்கு அங்கிருந்தவன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினானாம். ஒவ்வொரு சுருளின் தலையிலும் அவள் முகத்தை ஒட்டி, அவளுடைய தோல் சரியாகத் தெரியும்படிதான் எல்லாவற்றையும் அமைப்பார்களாம். அவள் நன்றாகத்தானே வந்திருக்கிறாள், பிழை எங்கள் பக்கம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

லெஸ் சண்டை பிடிக்கவில்லை. தனக்கென்று ஓர் அளவு முகம் தேடினார். தன் அறையில், தன் விளக்கின் கீழ், கமராக் கண்ணாடியில் ஒளி நுழையும் துவாரத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்த முகத்தை எடுத்துப் பார்ப்பது. துவாரத்தின் எந்த இலக்கத்தில் முகம் முகமாகத் தெரிகிறதோ அந்த இலக்கத்திலேயே ரூபி மாமியை எடுப்பது. அவருடைய சகோதரியின் பிள்ளைகள் பத்து மூச்சு விடும் நேரம்கூட ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள். நானோ வளர்ந்தவர்கள் முன்னால் பொம்மை மாதிரி இருக்கப் பழக்கப்பட்டவள். வேலிக்கு மேலால் என் கையைத் தன் மாமியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதே நிறம் என்று சந்தோஷப்பட்டார்.

அவர் முறையாக வந்து அப்பாவிடம் அனுமதி கேட்டார். அப்பா மறுக்கத்தான் வாயெடுத்தார். கமரா எங்கிருந்து வருகிறது என்று லெஸ் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"யூனிவர்சிற்றி எண்டா பிழையா இருக்காது," என்று அம்மாவிடம் சொன்னார். "போய்ட்டு வரட்டும்."

அம்மாவுக்கு வேறு கவலை. சனிக்கிழமை காலை என்னைச் சமையல் செய்யும் 'குசினி'க்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முதலில் 'ஸ்நோ' என்கிற வெள்ளைக் களிம்பைக் கழுத்துவரை தேய்த்தார். அதன்மேல் பவுடர். பிறகு பூசியது தெரியாமல் இருக்கச் சேலைத் தலைப்பால் பதமாக ஒற்றி எடுத்தார். ஊரில் படம் பிடிக்கப் போகும் எந்தப் பெண்பிள்ளைக்கும் செய்வதுதான். நிறம் குறைந்த பிள்ளை என்றால் இரட்டைப் பூச்சு.

"இப்பிடியே கரிச்சட்டி மாதிரிப் போய்ப் படத்தில விழுந்தா, எங்களையும் அவையின்ர ஆக்கள் எண்டெல்லோ நினைப்பினம்," என்றார். "அந்தாள் கேட்டா ஒண்டும் பூசேல்ல எண்டு சொல்லு."

அந்தாள் கேட்டார். விளக்கைப் போட்டுவிட்டு, என் முன்னால் குந்தி, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சாம்பல் பூத்தது போல இருக்கிறதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில், மிக மெதுவாக, "முகத்தில் ஏதாவது பூசியிருக்கிறாயா, செல்லம்?" என்றார்.

"இல்லை, அங்கிள்," என்றேன்.

அவரை அங்கிள் என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்தபடி எழும்பிக் கமராவிடம் போனார்.

அடுத்த வாரம் அந்தச் சோதனைச் சுருளைச் சுவரில் போட்டுக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் என் முகம் சுவர் நிறைய நின்றது. ஒவ்வொரு இமைமயிரும் தெரிந்தது. நான் அழகாக இருந்தேன். அதைப் பார்த்தபோது குற்றவுணர்வு எதுவும் வரவில்லை, பெருமைதான் வந்தது. அவர் அந்த இலக்கத்தை ஒரு பிளாஸ்ரர் துண்டில் எழுதிக் கமராவின் பக்கத்தில் ஒட்டினார்.

ரூபி மாமி ஒரு ஞாயிறு காலை, வடக்கே ஆற்றங்கரை ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். நீலத் தொப்பி போட்டிருந்தார். நான் இருந்த அதே கதிரையில் அமர்ந்தார். துண்டுகள் சிறியவை என்பதால் லெஸ் அடிக்கடி நிறுத்திப் புதுச் சுருள் மாற்ற வேண்டியிருந்தது. அவர் கை காட்டியதும் அந்தப் பெண் பாதி வசனத்தில் வாயை மூடிக்கொள்வார். சுருள் ஏறும்வரை சுவரைப் பார்த்தபடி இருப்பார். பிறகு விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். நடையில் நின்று கேட்ட எனக்கு அரைவாசி விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. பிள்ளைகளைப் பிடிக்க வந்த அதிகாரி முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டான். இவர் கொடுத்தார். குவளையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது வண்டி தெரு முனையில் போய்க்கொண்டிருந்தது.

கழுவி வந்த சுருள்களில் தொப்பி இருந்தது. கண்ணின் வெள்ளையும் பல்லும் இருந்தன. முகம் இல்லை. பவுடர் பூசிய முகத்துக்குப் பொருந்திய இலக்கம், பூசாத முகத்தை இருட்டில் தள்ளிவிட்டது. லெஸ்ஸுக்கு அது தெரியாது. கமராவைக் கழற்றிப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், விளக்கை மாற்றிப் பார்த்தார். கடைசியில், தான்தான் எங்கோ இலக்கத்தைப் பிழையாக வைத்துவிட்டதாக முடிவு செய்தார். மாமியிடம் போய் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"சொல்லிவிட்டேன்," என்றாராம் அவர். "ஒத்திகைக்காக நான் சொல்லவில்லை."

அப்படியும் லெஸ் கைவசம் இருந்ததை வைத்துப் படத்தை ஒட்டி, உதவி கேட்டு நகரத்திலுள்ள ஒரு திரைப்பட அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். மூன்று கனவான்கள் இருந்து பார்த்தார்களாம். ஒருவர், இதில் ஆளே இல்லையே என்றார். இன்னொருவர், குரல் நன்றாக இருக்கிறது, வானொலிக்குக் கொடுத்துப் பாருங்கள் என்றார். மூன்றாமவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அதே அலுவலகம் ஒரு வெள்ளைக்கார இயக்குநரை அதே ஆற்றங்கரைக்கு அனுப்பியது. அவருடைய விளக்குகள் லொறியில் போயின.

அலுவலகத்தில் நடந்ததை லெஸ் அப்போதே வேலிக்கு மேலால் அப்பாவிடம் சொன்னார். அப்பா செடிக்குத் தண்ணீர் விட்டபடியே, இந்த விஷயங்களை எல்லாம் முறைப்படி ஒரு 'கோர்ஸ்' செய்துதான் படிக்க வேண்டும் என்று புத்தி சொன்னார். ரை கட்டியிருந்தார்.

நான் அன்று குசினிக்குள் போய் அம்மாவிடம், பவுடரால்தான் அப்படி ஆனது, சொல்லுவோமா என்று கேட்டேன்.

"வாயை மூடு," என்றார் அம்மா, வெங்காயத்தை வெட்டுவதை நிறுத்தாமல். "அந்தாளுக்குப் படம் எடுக்கத் தெரியேல்ல எண்டா அது எங்கட பிழையே?"

நான் மூடினேன். அந்த வருட முடிவில் நல்ல பள்ளிக்கூடம் உள்ள இடம் தேடி வீடு மாறினோம்.

நானும் பிறகு அப்படித்தான் பள்ளிக்கூடம் பார்த்துக் கிளென் வேவர்லியில் வீடு வாங்கினேன். என் மகள் மருத்துவமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம் என்று சினிமா படிக்கிறாள். அவளுக்கு வேலை கிடைக்குமா, யாராவது ஏமாற்றுவார்களா என்று நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. போன மாதம் அவள் ஒரு விழா மலரைக் கொண்டுவந்து வாசித்தாள். இந்த நாட்டுக் கறுப்பினச் சினிமாவின் முன்னோடிகளைக் கௌரவிக்கிறார்களாம். ஒரு காலத்தில் கைக்கடிகாரம் பார்த்தவர்களின் வாரிசுகள் இப்போது வைன் கிண்ணத்தோடு கண்கலங்கப் போகிறார்கள். அதில் லெஸ்ஸுக்கு ஒரே வரி: அவருடைய ஒரே முயற்சி, ஒளி அளவைப் பிழையாகக் கணித்ததால் கைவிடப்பட்டது.

மகள் அந்த வரியைக் கடந்து அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். நான் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மலரை மூடி வைத்தாள். பிறகு, "அம்மா, யூ ஹாவ் ரு ரெல் ஹிம்," என்றாள். அவரிடம் நான் சொல்லியே ஆக வேண்டுமாம்.

நோர்த்கோட்டுக்குப் பக்கத்துப் பிரெஸ்ரனில் லெஸ்ஸும் மனைவி ஜோய்ஸும் இருக்கிறார்கள், மகள்தான் முகவரி தேடி என்னைக் கூட்டிப்போனாள். அவருக்கு எண்பது கடந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை என்றதும் அடையாளம் கண்டு கையைப் பிடித்தார். தேநீர் வருவதற்குள் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கோபிக்கவில்லை. முதலில் என்ன பூசினார்கள், அதன்மேல் என்ன, எவ்வளவு துடைத்தார்கள் என்று வரிசையாகக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, எதையோ கணித்தார். பிறகு கதிரையின் கைகளை ஊன்றி எழும்பி, என்னைக் கடந்து, குசினி வாசலில் போய் நின்றார்.

"ஜோய்ஸ்," என்றார். "நான் வைத்த இலக்கம் சரிதான்."

அதற்குப் பிறகு அவர் முன்னறைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக நான் கட்டிக்கொண்டு வந்திருந்த சொற்கள் எனக்கே மலிவாகத் தெரிந்தன. ஜோய்ஸ்தான் எங்களை வாசல்வரை கூட்டிவந்தார். அந்தச் சுருள்கள் எங்கே என்று மகள் கேட்டாள். வானொலிக்குக் கொடுக்கச் சொன்ன அந்த வாரமே, ஒலிநாடாவையும் சேர்த்து, லெஸ் தானே கொண்டுபோய் நகரசபைக் குப்பைக் கிடங்கில் போட்டுவிட்டு வந்தாராம். தனக்குப் படம் எடுக்கும் கண் இல்லை என்று சொன்னாராம். பிறகு கமராவைத் தொடவில்லை.

திரும்பும் வழியில் மகள் அந்த இடத்தில் காரை நிறுத்தினாள். கிடங்கை மூடி, மண் போட்டு, புல் வளர்த்துப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். நாய்களோடு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ரூபி மாமி இறந்து எத்தனையோ வருடமாகிவிட்டதாம். அவர் சொன்னதில் மிஞ்சியிருப்பது தண்ணீர் கேட்ட அதிகாரியும் கழுவி வைத்த குவளையும்தான். அதுவும் நான் சொன்னால்தான் உண்டு.