துப்பாக்கியின் கழுத்து

நான் முதலில் செய்த துப்பாக்கியைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி சொன்னது: "இத வச்சு மாவு இடிக்கலாம்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது.

நான் மரவேலைக்காரன். எங்கள் வீட்டில் மற்ற எல்லாருக்கும் வயக்காடுதான். நான் ஒருத்தன்தான் உளியைப் பிடித்தேன். காரைக்குடியைச் சுற்றியிருக்கிற பெரிய வீடுகளில் கதவு, நிலை, உத்தரம் பழுது பார்ப்பது பிழைப்பு. நாச்சியாபுரத்தில் ஒரு வீட்டில் உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்கும்போது சாரம் சரிந்து விழுந்தேன். முழங்கால் போய்விட்டது. இனி ஏணி ஏறக்கூடாது, குத்தவைத்து உட்காரக்கூடாது, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் செய் என்றார் டாக்டர். எங்கள் தொழிலில் அப்படி வேலை எங்கே இருக்கிறது. காண்ட்ராக்டர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள். போனார்கள். பிறகு கூப்பிடவில்லை. தப்பாக நினைக்கவில்லை. ஏணி ஏறாத ஆளை வைத்து அவர்கள்தான் என்ன செய்வார்கள். என் வீட்டுக்காரி நூறு நாள் வேலைக்குப் போய் வந்தாள். நான் வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு இருந்தேன்.

அப்போதுதான் வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டில் சினிமா எடுக்க வந்தார்கள். எங்கள் பக்கம் இது வாடிக்கை. வீடு இருக்கிறது, தூண் இருக்கிறது, ஆள் இல்லை. படம் எடுக்க வசதி. அந்த வீட்டில் மட்டும் ஆச்சி ஒருத்தர் இருந்தார். அறுபது வயசுக்கு மேல். சினிமாக்காரர்களுக்குக் கீழ் வீட்டை விட்டுவிட்டு மேலே இருந்து வேடிக்கை பார்ப்பார்.

படத்துக்கு வேண்டிய சாமான் எல்லாம் பார்த்துக்கொள்கிற தம்பி ஒருத்தர் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். செல்போனில் ஒரு போட்டோ காட்டினார். ஆச்சி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற பழைய போட்டோ. ஆச்சியின் மாமனார் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் வேட்டை ரைபிளோடு நிற்கிறார். படத்தில் கதாநாயகன் அதே மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமாம்.

அசல் துப்பாக்கி இன்னும் இருந்தது. ஆனால் லைசென்ஸ் ஆச்சி பேரில். வேறு ஆள் கையில் கொடுத்தால் கேஸ். போதாததற்குத் தேர்தல் நேரம். தேர்தல் அறிவித்தால் ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும்.

மரத்தில் ஒன்று செய்யுங்கள் என்றார் தம்பி. அது சரியாக வந்தால் படத்துக்கு வேண்டிய மரச்சாமான் வேலை எல்லாம் உங்களுக்குத்தான், உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம் என்றார். நான் சரி என்றேன். உள்ளுக்குள் பெரிய சரி.

வீட்டில் பர்மா தேக்கு ஒரு துண்டு இருந்தது. இடித்த வீட்டு நிலைக்கால். அதை எடுத்தேன். எங்கள் ஊரில் கனம்தான் அழகு. கதவு என்றால் தள்ளுவதற்கு ரெண்டு ஆள் வேண்டும், நிலை என்றால் கை அகலத்துக்கு வேலைப்பாடு வேண்டும். அதே கைதான் ஓடியது. கட்டையைக் கனமாக வைத்தேன். தோளில் வைக்கிற பக்கம் ஒரு தாமரை. நடுவில் ரெண்டு கிளி. நுனியில் சின்னதாக ஒரு யாளி. மேலே வார்னிஷ் அடித்து, காய்ந்ததும் மறுபடி அடித்தேன். முகம் தெரிந்தது.

அதைத்தான் என் வீட்டுக்காரி மாவு இடிக்கச் சொன்னாள். மறுநாள் தம்பி வந்தார். தூக்கினார். கீழே வைத்தார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"அண்ணே, இது கதவு," என்றார். "நல்ல கதவு. எனக்குத் துப்பாக்கி வேணும்."

ஒரு வாரம் பார்ப்பேன், இல்லாவிட்டால் மெட்ராஸில் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் என் வீட்டுக்காரி அதைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தாள். நுனி தானாகத் தரைக்கு இறங்கியது. கண்ணாடி முன்னால் போய்த் திரும்பித் திரும்பி நின்றாள்.

"கழுத்தே இல்லையே," என்றாள். "தலையும் உடம்பும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கு. நம்ம சின்ன மாமா கணக்கா."

சின்ன மாமா என்றால் என் சித்தப்பா இல்லை, அவளுடைய சொந்த மாமன். அதனால் நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் அவள் சொன்னது மண்டையில் ஏறியது.

தம்பி என் போனுக்கு அனுப்பியிருந்த போட்டோவைத் திரும்பப் பார்த்தேன். போட்டோவில் ஒரு பக்கம்தான் தெரியும். கனம் தெரியாது. எங்கே பருக்கிறது, எங்கே மெலிகிறது, ஒன்றும் தெரியாது. அசலைப் பார்க்காமல் ஆகாது. வலையபட்டிக்குப் பஸ் ஏறினேன்.

விசயத்தைச் சொன்னதும் ஆச்சி சொன்னார்: "போட்டோவுல எங்க மாமனாருதேன் தெரியுறாக. துப்பாக்கி எங்க தெரியுது? நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். கூட வா."

அதற்குள் தேர்தல் முடிந்திருந்தது. துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கிற நாள். மறுநாள் ஆச்சியின் காரில் முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போனேன்.

ஸ்டேஷனில் கல்யாண வீட்டுக் கூட்டம். சுத்துப்பட்டு விவசாயிகள் எல்லாம் வந்திருந்தார்கள். பன்றி விரட்ட வைத்திருக்கிற துப்பாக்கிகள். ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய அட்டை கட்டிச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். ஒன்றில் கட்டை விரிசல் விட்டுக் கம்பி சுற்றியிருந்தது. ஒன்றில் கறுப்பு டேப். ஒன்றுக்கு யாரோ தங்கக் கலர் பெயிண்ட் அடித்துப் பித்தளைக் குமிழ் வரிசையாகப் பதித்து, நுனியில் பட்டுக் குஞ்சமும் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் கிளிகள் ஞாபகம் வந்தது. பார்வையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஆச்சியுடையது ஓரத்தில் இருந்தது. யாரும் காட்டித் தரவில்லை. தானாகத் தெரிந்தது. கல்யாணத்தில் எல்லாரும் கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு நிற்கும்போது ஒருத்தி மட்டும் ஒன்றும் போடாமல் நிமிர்ந்து நின்றால் கண் அங்கேதானே போகும். அப்படி.

ரைட்டர் நம்பரைச் சரி பார்த்து, கையெழுத்து வாங்கி, ஆச்சி கையில் கொடுத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். தொடவில்லை. தொடக்கூடாது.

தோளில் வைக்கிற இடத்தில் கட்டை அகலம். அங்கிருந்து முன்னால் வர வர மெலிந்து, கை பிடிக்கிற இடத்தில் ஒரு பெண்பிள்ளை மணிக்கட்டு அளவுதான். அதுதான் கழுத்து. அதைத் தாண்டி இரும்பு உட்கார்கிற இடத்தில் கொஞ்சம் நிறைந்து, மறுபடி மெலிந்து போகிறது. குழலும் அப்படியே. அடியில் பருமன், நுனியில் தூண்டில் கம்பு மாதிரி. எங்கே பருமன் முடிந்தது, எங்கே மெலிவு தொடங்கியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. கட்டையின் அடிக்கோடு நேராக ஓடி விசைக்குக் கீழே வந்து நிற்கிறது. மேல்கோடும் நேர். நடுவில் ஒரே ஒரு வளைவு, கை போகிற இடத்தில்.

குண்டை உள்ளே தள்ளுகிற கைப்பிடி ஒன்று பக்கத்தில் இருக்கும். அதுகூட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. பின்பக்கமாக வளைந்து உடம்போடு படுத்துக்கிடந்தது.

மரத்தின் ரேகை கழுத்தில் நேராக ஓடியது. பிறகு அகலத்தில் தண்ணீர் மாதிரி விரிந்தது. வார்னிஷ் கிடையாது. எண்ணெயும் கைப்பழக்கமும்தான். இரும்பும் மினுங்கவில்லை. ஏன் மினுக்கவில்லை என்று கேட்டேன்.

"மின்னுனா மிருகம் பாத்துரும்ல," என்றார் ஆச்சி.

கை பிடிக்கிற இடத்தில் சன்னமாகக் கட்டம் கட்டமாகக் கீறியிருந்தது. அது வேலைப்பாடு என்று நினைத்தேன். வேர்த்தால் வழுக்காமல் இருக்க என்றார். மரம் முடிகிற நுனியில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக ஒரு கொம்புத் துண்டு. அது எதற்கு என்று கேட்டேன். அது ஆச்சிக்கும் தெரியவில்லை. ஒரு மூக்குத்தியாவது வேண்டாமா என்றார்.

அளவு வேண்டும். நூல்கண்டு கொண்டுபோயிருந்தேன். நான் தொடக்கூடாது என்பதால் ஆச்சியே நூலை வாங்கித் துப்பாக்கியின் கழுத்தைச் சுற்றி, நான் சொன்ன இடத்தில் முடிச்சுப் போட்டார். பிறகு குழல், பிறகு நீளம். ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்னய்யா, துப்பாக்கிக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"ஆமா, பொங்கலுக்கு," என்றார் ஆச்சி.

ஸ்டேஷன் முழுக்கச் சிரிப்பு. தங்கக் கலர்த் துப்பாக்கிக்காரர் தனக்கும் ஒன்று தைக்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது, மாமனார் புலி கிலி சுட்டிருக்கிறாரா என்று கேட்டேன்.

"ஒரு முயல் சுட்டதில்ல," என்றார் ஆச்சி. "சத்தம் கேட்டா அவுகளுக்குக் காது வலிக்கும். போட்டோவுல நல்லா இருக்கும்னு வாங்குனாக."

நல்லாத்தான் இருந்தது. அதில் மாமனார் ஏமாறவில்லை.

வீட்டுக்கு வந்து அடுத்த கட்டையை எடுத்தேன். அதே நிலைக்காலில் மிச்சம். இந்த முறை மரத்தின் ரேகையை முதலில் பார்த்து, அது கழுத்து நீளத்துக்கு நேராகப் போகிற மாதிரி கோடு போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, காலை முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டேன். வேலை செய்ய ஒரு குறையும் இல்லை.

கஷ்டம் கையில்தான். எத்தனையோ வருசமாகக் கனத்தை விட்டுவைத்தே பழகிய கை. கழுத்துக்கு வந்ததும் இழைப்புளி நின்றது. இதற்கு மேல் எடுத்தால் போய்விடும் என்று கை சொல்கிறது. நூலை வைத்துப் பார்த்தால் இன்னும் பாதி போகவில்லை. என் வீட்டுக்காரி போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்து, "இன்னும் மாமாதேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அரத்தால் எடுத்தேன். உப்புத்தாளால் எடுத்தேன். நூல் சரியாக உட்கார்ந்தபோது அவளைக் கூப்பிட்டேன். ஒற்றைக் கையால் பிடித்துப் பார்த்தாள். அப்படியே கண்ணாடி முன்னால் கொண்டுபோனாள். அதுவே போதும்.

குழலையும் மரத்திலேயே இழைத்தேன். கறுப்பு அடித்தால் சட்டி மாதிரி இருந்தது. தம்பியிடம் போனில் கேட்டேன். பென்சில் தூளைத் துணியில் தொட்டுத் தேயுங்கள் என்றார். தேய்த்தேன். இரும்பு வந்துவிட்டது. கட்டைக்கு எண்ணெய் மட்டும். நுனிக்கு மாட்டுக்கொம்பில் ஒரு துண்டு. மூக்குத்தி.

தம்பி வந்து எடுத்தார். தோளுக்குக் கொண்டுபோனார். நுனி இறங்கவில்லை. அது பாட்டுக்குப் பார்த்த திசையில் நின்றது. இறக்கிவிட்டு மறுபடி தூக்கினார். வேணும் என்றே தூக்குகிறார் என்று தெரிந்தது. படப்பிடிப்புக்கு நீங்களும் வாங்க, டைரக்டர் பார்க்கட்டும், அப்புறம் மற்ற வேலையைப் பேசலாம் என்றார்.

போனேன். டைரக்டருக்குப் பிடித்திருந்தது. கதாநாயகன் அதை வைத்துக்கொண்டு நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகப் போனது. கடைசியில் ஒரு காட்சி. கோபம் வந்து கதாநாயகன் அந்தத் துப்பாக்கியை முற்றத்துக் கல்லில் அடித்து உடைக்க வேண்டும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடித்தார். உடையவில்லை. மறுபடி அடித்தார். கல்லின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. மூன்றாவது அடிக்குக் கதாநாயகன் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கையை உதறினார். டைரக்டர் எழுந்து, இதைச் செய்தது யார் என்று கேட்டார். நான் நொண்டிக்கொண்டு முன்னால் போனேன். போச்சு என்று நினைத்தேன்.

மேலே இருந்து ஆச்சியின் குரல் வந்தது. "பர்மாத் தேக்கு தம்பி. எங்க மாமனாரே எறங்கி வந்தாலும் ஒடைக்க முடியாது. எங் கல்லுக்கு யாரு பதில் சொல்றீக?"

முதலில் சிரித்தது கதாநாயகன்தான். பிறகு எல்லாரும். டைரக்டர் என்னைப் பார்த்து, "உடையிற மாதிரி செய்யத் தெரியுமா?" என்றார்.

"இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க," என்றேன். "செய்றேன்."

அஞ்சு வேண்டும் என்றார். முள்ளுமுருங்கையில் செய்தேன். இலேசான மரம். அழகு குறையக்கூடாது என்று அதே நூலை வைத்து அதே கழுத்து எடுத்தேன். பிறகு அந்தக் கழுத்திலேயே பாதி ஆழத்துக்கு ரம்பத்தால் அறுத்து, மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்தேன். மூன்று உடைந்தது. ஒன்று அடிக்கு முன்னால் தூக்கும்போதே உடைந்துவிட்டது. மிச்சம் ஒன்றைக் கதாநாயகன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மாட்டி வைத்திருப்பார். யாராவது தொட்டால் தெரியும் சேதி.

காலை நீட்டி உட்கார்ந்து இப்போது வேலை ஓடுகிறது. அந்தத் தம்பி அடுத்த படத்துக்கு ஒரு பல்லக்குக் கேட்டிருக்கிறார். உடையிறதா, உடையாததா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.