ஆல்பம் இல்லாத மேஸ்திரி

கலியமூர்த்தி மேஸ்திரி ஒரு சிட்டிகை மணலை நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடுகிறார். பாயசத்துக்குச் சர்க்கரை போதுமா என்று பார்ப்பவரின் முகம். பிறகு ஓரமாகத் துப்பிவிட்டு, "திருப்பி எடுத்துனு போ நைனா" என்கிறார் லாரி டிரைவரிடம்.

"பாலாத்து மணல் மேஸ்திரி, சத்தியமா!"

"பாலாறுதான். ஊடால சமுத்திரத்துக்கும் ஒரு நடை போயிட்டு வந்துருக்குது."

மரக்காணத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு உப்புதான் எதிரி. மணலில் வரும், கிணற்றுத் தண்ணீரில் வரும். ஒரு மழை பெய்து காய்ந்ததும் சுவரில் வெள்ளையாகப் பூத்து, பூச்சைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். மேஸ்திரியின் அப்பா உப்பளத்தில் உப்பு வாரிப் பிழைத்தார். மகன் அதைத் துப்பிப் பிழைக்கிறார்.

வயது ஐம்பத்தைந்து. மட்டம் பார்க்கும் ரப்பர் குழாயை டாக்டர் மாதிரி கழுத்தில் போட்டிருப்பார். சட்டைப்பையில் தூக்குக்குண்டு, அதன் கனத்தில் எல்லாச் சட்டையும் இடப்பக்கம் இறங்கியே இருக்கும். செல்போன் உண்டு, வேலை நேரத்தில் அணைத்துவிடுவார். "சுவத்தாண்ட பேசினு இருக்கறேன், குறுக்க எவன்டா அது?" கலவைக்கு யாராவது உப்புக் கரிக்கும் சப்பைத் தண்ணீர் கொண்டுவந்தால் டம்ளரில் மொண்டு அவரிடமே நீட்டுவார். "குடி. மாட்ட இல்ல? அப்ப சுவரு மட்டும் குடிக்கணுமா?"

இவரை நான்தான் கண்டுபிடித்தேன் என்று எழுத ஆசை. உண்மையில், முதலில் வேண்டாம் என்று தள்ளியவள் நான்.

ஆறு வருஷம் மூன்று கண்டங்கள் சுற்றிவிட்டு 2005 ஆனியில் ஊர் திரும்பியிருந்தேன். கெய்ரோ டாக்ஸிக்காரர்களிடமே ஏமாறாதவள், ஆளைப் பார்த்ததும் எடைபோடத் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி எனக்கொரு அபிப்பிராயம். அம்மா தெய்வநாயகிக்கு ஈரம் பட்டால் இழுப்பு வரும். அவள் படுக்கும் அறையில் சுவரெல்லாம் ஓதம். மழைக்குள் அந்த ஒரு சுவரைச் சரிசெய்யச் சொன்னாள். நான் முழு வீட்டுக்கும் பிளான் போட்டேன். ஓரிடத்தில் இரண்டு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அந்த முறை அரிப்பு கைக்கு ஏறியிருந்தது.

"நீங்க கட்டின வீடு ஒண்ணு காட்டுங்க" என்றேன் மேஸ்திரியிடம். சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, சகாயமேரி என்ற அம்மாளின் வீட்டு முன்னால் இறக்கினார். முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து, செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சகாயமேரி முறத்தோடு வெளியே வந்தார்.

"ஏம்மா, இந்த ஆளயா வேலைக்கு வெக்கப் போற? எங்க வூட்ல சோத்துக்கு உப்பே போடறதில்ல. சுவத்துல இருந்து அதுவா கொட்டுது!"

மேஸ்திரி சிரித்தார். "பதினஞ்சு வருசம் ஆவுது பாப்பா. அன்னைக்கி நல்ல தண்ணி வண்டி வரல. அவசரத்துல உப்பளத்தாண்ட இருக்கற கெணத்துத் தண்ணிய ஊத்திட்டேன். வருசா வருசம் நானே வந்து பூசித் தர்றேன்."

"நல்லா கட்டின வீடே இல்லையா?"

"அத எவன் வேணா காட்டுவான்."

கெட்டுப்போன வேலையைக் காட்டி வேலை கேட்கும் மனிதரை எந்தக் கண்டத்திலும் நான் பார்த்ததில்லை. ஆகவே அசடு என்று எடைபோட்டேன்.

மறுநாள் புதுச்சேரியிலிருந்து ஒரு காண்டிராக்டர் ஆல்பத்தோடு வந்தார். இருபது வீடுகள், இருபதிலும் வாசலில் வாழைமரம். எல்லாமே கிரகப்பிரவேசத்தன்று எடுத்த படங்கள். இதில் எந்த வீடாவது அடுத்த மழையைப் பார்த்ததா என்று நான் கேட்கவில்லை. டைல்ஸ் நிறத்தைப் பற்றிக் கேட்டேன். அவருடைய ஆட்கள் எங்கள் கொல்லைக் கிணற்றில் இறைத்தே அம்மாவின் அறையைப் பூசி முடித்தார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எனக்குக் குழந்தையிலிருந்தே தெரியும்.

புரட்டாசியில் இரண்டு தூறல். புதுச் சுவர் பூத்துவிட்டது. காண்டிராக்டரின் போன் அணைந்தது. அம்மா இழுப்போடு பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு மலர்கொடியிடம் படுக்கப் போனாள். நான் மேஸ்திரியைத் தேடிப் போனேன்.

"அந்த ஆல்பத்த எனக்கும் காட்டேன் பாப்பா, ஆசையா இருக்குது" என்றார். என் பிளானை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார். "இதெல்லாம் அப்பறம். மொதல்ல அக்கா அவங்க ரூம்ல படுக்கணும்." பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தார். அரித்த செங்கல்லை இரண்டடி இரண்டடியாகப் பெயர்த்துப் புதுசு வைத்தார். பதினெட்டு நாள் குடிதண்ணீர் வண்டி எங்கள் வாசலில் நின்றது.

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் அடித்தது. விட்டு, இரண்டு நாள் நல்ல வெயில் காய்ந்த பிறகு மேஸ்திரி வந்தார். புதுக் கறுப்புச் சட்டை. தீபாவளிக்கு இப்போதே எடுத்துவிட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் நேராக அம்மாவின் அறைக்குப் போய், சுவரில் முதுகை அழுத்திச் சாய்ந்து, இப்படியும் அப்படியுமாக நன்றாகத் தேய்த்தார். பிறகு அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"பாருங்கக்கா. வெள்ளையா ஏதாவது ஒட்டினு இருக்குதா?"

அம்மா உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல மேஸ்திரி. இன்னிக்கே பாய எடுத்தாந்துடறேன்."

நானும் குனிந்து பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி வாசல் வெயிலுக்கு எடுத்துப்போய், இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, காலரிலிருந்து கீழே ஒவ்வொரு அங்குலமாகப் பார்க்க ஆரம்பித்தார்.