ஹிஃப்னி வீட்டு ரத்வா

ஹிஃப்னியைக் கெட்டவன் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. தொழுகை தவறாதவன், பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்காதவன். தங்கை ஃபிக்ரியாவுக்கு இரண்டு பெருநாளுக்கும் ரத்வா கொண்டுபோவதில் இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஓர் ஆட்டுத்தொடை, சர்க்கரை, மேலுக்கு ஒரு துணி. எகிப்தில் ஜிர்காப் பக்கம் நிலத்தை ஆண்கள் வைத்துக்கொண்டு, கூடப்பிறந்தவளின் மனசைக் குளிர வைக்கக் கொடுக்கும் சீருக்குத்தான் அந்தப் பெயர். யானையை எடுத்துக்கொண்டு வாலைக் கொடுப்பது.

அப்பா விட்டுப்போனது பத்து ஏக்கர் கரும்புக்காடு. சட்டப்படி அண்ணன் தாஹிக்கு நாலு, ஹிஃப்னிக்கு நாலு, ஃபிக்ரியாவுக்கு இரண்டு. சட்டம் கெய்ரோவில் இருந்தது, கரும்பு இங்கே இருந்தது. பாகம் பிரிக்காமலே வாய்க்கால் பக்கம் ஐந்தை அண்ணனும் மேட்டுப் பக்கம் ஐந்தைத் தம்பியும் உழுதார்கள்.

அப்பா போன நாலாவது வருடம் ஃபிக்ரியாவின் புருஷன் செத்துப்போனான். இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து தன் பங்கைக் கேட்டாள். ஹிஃப்னி வாசலை மறித்து நின்றான்.

“பொம்பளப் புள்ள மனசு கோணக்கூடாதுன்னுதானே பெருநாளுக்குப் பெருநா கொண்டாந்து தாறோம்? நிலத்தக் கேட்டா ஊரு என்ன சொல்லும்?”

அவள் திரும்பிப்போய் ஊரான் வயலில் வெங்காயம் பிடுங்கினாள். ஒருநாள் வரிசையில் குனிந்து நின்ற அவளை அவன் பார்த்தான். பார்த்துவிட்டுக் கழுதையை வேறு வழியில் ஓட்டினான்.

ஹிஃப்னிக்குப் பிறந்தது மூன்றும் பெண். அவனுக்கு நெஞ்சுவலி வந்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும், தாஹியின் மகன்கள் மேட்டுப் பக்கம் உலாத்த ஆரம்பித்தார்கள்.

“சித்தப்பா, இங்க ஒரு மோட்டார் போட்டா நல்லாருக்கும். பின்னாடி எங்களுக்கும் ஆவும்” என்றான் மூத்தவன்.

“எம் மூணு புள்ளைங்க எங்க போவும்?”

“நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?”

அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. தான் உயிரோடு இருக்கும்போதே நாலு ஏக்கரை அளந்து பெண்கள் பேருக்கு எழுதாவிட்டால், தான் கண் மூடியதும் அவர்களுக்கும் ஆட்டுத்தொடைதான். பாகம் பிரிக்கச் சொல்லி அண்ணனிடம் கேட்டான்.

“அப்பன் காட்டுல எவனாவது கல்லு நட்டான்னா, அவனையும் சேத்து நட்டுருவேன்” என்றான் தாஹி.

ஜிர்கா வக்கீல் வழி சொன்னார். “பாகப்பிரிவினை வழக்குன்னா பத்து வருஷம் இழுக்கும். புதுச் சட்டம் ஒண்ணு இருக்கு. வாரிசுப் பங்கை மறிச்சு வச்சிருக்கிறவனுக்கு ஆறு மாசத்துக்குக் குறையாம ஜெயில். சமாதானமானாத்தான் விடுவாங்க. பங்கு கிடைக்காத உங்க தங்கச்சி புகார் கொடுக்கணும்.”

“யார் மேல?”

“உங்க அண்ணன் மேல. உங்க மேலயும்தான்.”

ஒருமுறை அளவுச் சங்கிலி காட்டில் இறங்கிவிட்டால் மூன்று பாகமும் பிரிந்துவிடும் என்று ஹிஃப்னி கணக்குப் போட்டான். முதல்முறையாகப் பெருநாள் இல்லாத நாளில், வெறுங்கையோடு தங்கை வீட்டுக்குப் போனான். அவள் ரொட்டி மாவை வெயிலில் பொங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணே, வழி தவறிட்டியா?”

சொன்னான். அவள் சிரித்தாள்.

“உம் மேல கேஸு போடச் சொல்லி நீயே வந்து கேக்குறியா! அன்னைக்கு ஊரு என்ன சொல்லும்னியே. இப்ப ஊருக்கு வாயடைச்சுப் போச்சா?”

“எம் புள்ளைங்களுக்காகத்தான், ஃபிக்ரியா.”

“எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருந்துச்சே அன்னைக்கு.” அவள் மாவைத் துணியால் மூடினாள். “சரி, போடுறேன்.”

போட்டாள். போலீஸ் வந்து போன ஒரே வாரத்தில், கல் நட்டால் ஆளை நடுவேன் என்றவன் பெரியவர்களைக் கூட்டினான்.

“தங்கச்சிக்கு ரெண்டு ஏக்கர் தாறேன். இன்னைக்கே கல்லு நடுங்க. ஆனா, இந்த நெருப்ப மூட்டிவிட்டவன் பக்கத்துலருந்துதான் அளக்கணும்” என்றான் தாஹி.

“ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஏக்கர் விடுறதுதானே முறை?” என்றான் ஹிஃப்னி.

“ஆம்பளப் புள்ள இல்லாத வீட்டுக்கு அவ்வளவு காடு எதுக்குப்பா?” என்றார் ஒரு பெரியவர். பிறகு ஃபிக்ரியாவைக் கேட்டார்கள், மேட்டுப் பக்கமே சம்மதமா என்று.

ஹிஃப்னி தங்கையைப் பார்த்தான். இரண்டு பக்கமும் அளக்க வேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாஹியின் குடுமி அவள் கையில் இருந்தது.

“எந்தப் பக்கமா இருந்தா என்ன, ரெண்டு ஏக்கர் ரெண்டு ஏக்கர்தான்” என்றாள். சமாதானப் பத்திரத்தில் கட்டைவிரலை உருட்டினாள்.

மேட்டில் கல் விழுந்தது, புகார் முடிந்தது. மிச்சக் காடு பிரியாமலே கிடந்தது. ஹிஃப்னி கையில் மூன்று ஏக்கர்தான், அதற்கும் எல்லைக்கல் இல்லை. இனி பத்து வருட வழக்குதான் என்றார் வக்கீல். பத்து வருடத்துக்கு அவனிடம் நெஞ்சு ஏது?

அடுத்த பெருநாளன்று ஃபிக்ரியா கழுதைமேல் வந்து இறங்கினாள். ஹிஃப்னி வாசலில் நின்றிருந்தான். அவள் கையில் இருந்த மூட்டையைப் பார்த்ததும் விலகி வழிவிட்டான். அவள் உள்ளே போய் அவிழ்த்தாள். ஓர் ஆட்டுத்தொடை, சர்க்கரை, மூன்று துணி.

“இனி பெருநாளுக்குப் பெருநா வருவேன்” என்றாள். “பொம்பளப் புள்ளைங்க மனசு கோணக்கூடாதில்ல, அண்ணே.”

மூத்த மகள் ஸபாஹ் ஆசையாக ஒரு துணியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். “நல்லாருக்கு அத்தை” என்றாள்.