கதவு திறக்காத கார்

எஞ்சின் அணையும் சத்தம் கேட்கும். அடுத்துக் கேட்க வேண்டிய கதவுச் சத்தம் மட்டும் கேட்காது. மலேசியாவின் ரெங்கம் ஊரில், தாமான் எனப்படும் குடியிருப்பின் வரிசை வீடொன்றில் நாங்கள் குடியிருந்தபோது, நான் ஆரம்பப் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த அந்த வருடம் முழுக்க, என் மாலைகள் அந்தக் கதவுச் சத்தத்துக்குக் காத்திருந்தே கழிந்தன. குளுவாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் அம்மா, வாசலில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றியபடி உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

சன்னல் திரையை விலக்கி வேவு பார்ப்பது அத்தைக்கும் எனக்கும் அன்றாட வேலை. அப்பாவின் அக்காவான அத்தை எங்களோடுதான் இருந்தார். அப்பாவோ சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன் போய், இருட்டிய பின் வருகிறவர். "வாய் அசையுது பாருடி. கையில போனும் இல்ல, யாருகிட்ட பேசறா?" என்று அத்தை கிசுகிசுப்பார். போன் இல்லாமல் பேசினால் அது "காத்துக் கருப்பு" என்பது அவர் முடிவு. கார் பழையது, முன்பு வைத்திருந்தவர் எப்படிப் போய்ச் சேர்ந்தாரோ என்று முணுமுணுத்துக்கொண்டே, புதுக் காருக்கு வைப்பதுபோல் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அம்மா அவற்றை நசுக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்; மாலையில் வந்து அதேபோல உட்கார்ந்தார்.

என் சந்தேகம் வேறு. வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா, ஒருநாள் காரில் ஏறிப் போனவர் திரும்பவே இல்லை. எங்கள் அம்மாவும், போவதா இருப்பதா என்றுதான் தினமும் உள்ளே உட்கார்ந்து யோசிக்கிறார் என்று எனக்குப் பட்டது. அந்தப் பயத்தில் சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை அம்மாவே என்னை டியூஷனிலிருந்து ஏற்றி வந்தார். பின் இருக்கையில் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன், போவதாக இருந்தால் என்னையும் சேர்த்துக் கொண்டுபோகட்டும் என்று. வாசலில் எஞ்சின் நின்றது. அம்மா பேசத் தொடங்கினார்.

"மெஷின் நின்னா நானா பொறுப்பு? இந்தக் கத்து கத்துறான் சூப்பர்வைசர்." பிறகு அத்தையின் முறை. "குழம்புல உப்பு இல்லையாம். ஒரு நாளு வந்து நீங்க வைங்களேன்." அப்பாவுக்கும் நன்றாகவே கிடைத்தது. அடுத்தது என் பெயர்தான் என்று மூச்சை அடக்கிக் கிடந்தேன், வரவில்லை. கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்து, காகித மடிப்பிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு, "முருகா, இன்னிக்குப் போதும்லா. உள்ள போலாம்," என்றார். வீட்டுக்குள்தான் போகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இப்போது அத்தையும் இல்லை, அப்பாவும் இல்லை. கண் மங்கியதும் காரை விற்றுவிட்டு, அம்மா ஜோகூர் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். மன அமைதிக்கு என்று என் கணவர் அவர் போனில் தியானச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எதைக் கேட்டாலும், "எனக்கு என்னம்மா குறை?" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் துளியும் நம்பவில்லை. யாரையாவது வாய்விட்டுத் திட்ட, இந்த வீட்டில் அவருக்கு ஓர் இடம் இல்லை.

போன வாரம் மழை இருட்டியபோது, கீழே நிற்கும் என் காரிலிருந்து குடையை எடுத்து வாருங்கள் என்று வேண்டுமென்றே சாவியை அவர் கையில் கொடுத்தேன். மழை வந்தது, கொட்டியது, ஓய்ந்தும் போனது. அதற்குப் பிறகுதான் அம்மா மேலே வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது, கையில் குடை இல்லை.